வாசலோடு விட வேண்டிய வார்த்தை

மார்லிஸ் ட்வைட் எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்பியதில்லை. பாலை முகர்வாள், கடையில் வாங்கிய மீனை முகர்வாள், கணவன் டுவேன் கேட்காமலே பாத்திரம் கழுவி வைத்திருந்தால் அவனையே முகர்ந்து பார்ப்பாள். "என்னத்த உடைச்சே?" என்பாள். பெரும்பாலும் எதையோ உடைத்துத்தான் இருப்பான். அதனால் அவளுடைய சந்தேகத்துக்கு வீட்டிலேயே நல்ல தீனி கிடைத்து வந்தது.

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை ஊரான துலூத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூக்கால் பிழைத்தவள் மார்லிஸ் ஒருத்திதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், ஜன்னலில் ஏரி தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். இவள் வாசலிலேயே கண்ணை மூடி நின்று ஓர் இழுப்பு இழுப்பாள். பூனை வளர்த்தார்களா, எந்தக் குழாய் ஒழுகியது, யார் ஒளிந்து சிகரெட் பிடித்தார்கள், எல்லாம் அதில் வந்துவிடும். வீடுகளை அவள் நினைவில் வைத்ததும் அப்படித்தான். தெருப் பெயரைச் சொன்னால் விழிப்பாள். "மாடியில பாச்சா உருண்டை நாத்தம் அடிச்சுதே, அந்த வீடு" என்றால் படிக்கட்டு எத்தனை அகலம் என்பது வரை ஒப்பிப்பாள்.

வீடு வாங்க வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றுதான். "உள்ள போனதும் பிஸ்கட் சுடுற வாசனை கமகமன்னு வந்துச்சுன்னா சமையல்கட்டுக்குப் போகாதீங்க. நேரா பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்க. வாசனை காட்டுறவன் எதையோ மறைக்கிறான்." இப்படி எத்தனையோ இளம் தம்பதிகளை நனைந்த அஸ்திவாரத்திலிருந்தும் பூஞ்சை பிடித்த சுவரிலிருந்தும் அவள் காப்பாற்றியிருக்கிறாள். அதை யாரும் மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தரகர்களின் சுற்று. அந்த வாரம் விற்பனைக்கு வரும் வீடுகளை வெளியாட்களுக்கு முன்னால் தரகர்கள் பார்த்துவிடுவார்கள். நாலைந்து பேர் ஒரு காரில் அடைந்துகொண்டு, வீடு வீடாகப் போய், வாசலில் பனிச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே நடப்பார்கள். வீட்டை விற்கும் தரகர் காபியும், பார் என்று அவர்கள் சொல்கிற சதுரமாக வெட்டிய இனிப்பும் வைத்திருப்பார். அந்த இனிப்புக்கு ஒரு வரி உண்டு. கிளம்பும்போது ஒவ்வொருவரும் வாசலில் நின்று அந்த வீட்டில் கண்ட குறை ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கம்பளம் கண்ணைக் குத்துகிறது, விலை ஆகாயத்தில் நிற்கிறது, நாயை வேறெங்காவது கட்டு. கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாங்குகிறவன் கண்ணில் படும் முன்பே சரி செய்துகொள்ளலாம் அல்லவா? அந்த வழக்கத்துக்கு மறுபாதியும் உண்டு. வாசலில் சொன்னது வாசலோடு. காருக்குள் ஏறியபின் இன்னும் பத்து மடங்கு பேசிச் சிரிப்பார்கள், அது காரோடு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றுவது எங்கே எழுதியிருக்கிறது?

மார்லிஸ் கார் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மத்தியான சாப்பாட்டு மேசையில் டுவேனிடம் கொட்டித் தீர்ப்பாள். ஒரு நாள், குளியலறையில் கம்பளம் விரித்திருந்த ஒரு வீட்டைப் பற்றி அவள் பொரிந்து தள்ளியபோது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றுப் பொழுது போகாமல் இருந்த டுவேன் ஃபோனில் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துச் சிரித்தது.

"ஏண்டா போட்டே?" என்று எகிறினாள். ராத்திரி படுக்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவளே எட்டிப் பார்த்தாள். மறுவாரம் தலையை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, "இன்னிக்கு எந்த வீடுன்னு சொல்றேன் கேளு" என்று அவளாகவே உட்கார்ந்தாள்.

விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களை வைத்துக்கொண்டு, படத்தில் தெரியாததைச் சொல்லுவாள். கெட்டிக்காரி, எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. மூக்கு சொல்லுது" என்று முடிப்பாள். தரகர் சங்கத்திலிருந்து கூப்பிட்டு, மற்றவர் விற்கிற வீட்டைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாது என்றார்கள். "எது தப்புன்னு காட்டுங்க, எடுத்துடறேன்" என்றாள். காட்ட முடியவில்லை. ஒன்றும் சொல்லாதவள் மேல் எந்தக் குற்றத்தைச் சுமத்துவது?

க்ளென் பிரெவிக் மட்டும் அவளை விடவில்லை. அவனும் தரகன்தான், அவளோடு ஒரே காரில் வருடக்கணக்காகச் சுற்றியவன். "மார்லிஸ், குறை இருந்தா எங்கிட்ட சொல்லு. உன்னை நம்பி வீடு வாங்குறவன்கிட்ட சொல்லு. அது உன் கடமை. ஊருக்கு ஏன் சொல்றே? நீ டிக்கெட் வாங்கிட்டு நாடகம் பாக்க வந்தவ இல்ல. நம்மாளுன்னு சாவியைக் குடுத்து உள்ள விட்டோம்."

"சாவியைக் குடுத்தா வாயைப் பூட்டிக்கணுமா? ஏமாந்து போறவன் பாவம் இல்லையா?"

"அந்த வீட்டுக்காரன்?"

"அவனுக்குத்தான் நீ இருக்கியே."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஊருக்காகச் சொல்கிறேன் என்றாள், ஊருக்காகத்தான் சொன்னாள். ஆனால் ஃபோன் அடித்தது அவளுக்கு. அந்தக் குளிர்காலத்தில் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, வாங்க வருகிறவர்கள் எல்லாரும் மூக்குக்காரி வீட்டு வாசலில் நின்றார்கள்.

பிப்ரவரியில் ஆர்வோ கல்லியோவின் வீடு வந்தது. ஆர்வோ இரும்புத் தாதுக் கப்பல்களில் வேலை பார்த்துக் கரை சேர்ந்தவர், பின்லாந்திலிருந்து வந்த குடும்பம். மனைவி லெம்பிக்கு மறதி நோய். நவம்பரில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டபின் மேட்டுத் தெரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். அங்கே தம்பதியாகத் தங்கும் அறை ஒன்று காலியாகியிருந்தது. வீடு விற்றால்தான் ஆர்வோ அங்கே போக முடியும். மார்ச் முடியும் வரை அறையை வைத்திருப்போம், அதற்குமேல் காத்திருக்கும் வேறு தம்பதிக்குப் போய்விடும் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை அவர் தினமும் பனியில் கார் சறுக்கச் சறுக்க மேடேறிப் போய், மனைவிக்கு ஊட்டிவிட்டு, இருட்டியபின் தனி வீட்டுக்குத் திரும்பினார்.

அந்த வீட்டை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு க்ளெனுடையது. இதையெல்லாம் செவ்வாய்ச் சுற்றில் அவன்தான் சொன்னான். "வீட்டைக் காட்டுறப்போ கொஞ்சம் மனசு வைங்க" என்றான். மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மார்லிஸுக்கு மூக்கில் வேர்த்தது. விற்கிறவன் கண்ணீர்க் கதை சொன்னால் அதுவும் பிஸ்கட் வாசனைதான் என்பது அவள் கணக்கு. காபியைத் தொடாமல் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினாள்.

கீழே சவுனா இருந்தது. விறகடுப்பு வைத்த நீராவிக் குளியல் அறை. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் உண்டு. தேவதாரு வாசனை, சாம்பல் வாசனை. அதற்கு நடுவே இன்னொன்று. புதுப் பெயின்ட்! சவுனாவுக்கு வெளியே ஒரே ஒரு சுவர் மட்டும் ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் பளபளத்தது. மற்ற மூன்றும் பழைய சுவர்கள்.

வாசலில் அவள் சொல்ல வேண்டிய முறை வந்தது. "ஒண்ணுமில்ல, நல்லாருக்கு" என்றாள். முதன்முறையாக வரி கட்டாமல் இனிப்பு தின்றாள். க்ளெனிடம் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானம் டுவேன் ஃபோனைப் பிடித்தான். "சவுனா இருக்கு. தண்ணி, ஆவி, சரி. நாலு சுவர்ல ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். ஏம்மா, மீதி மூணு சுவர் என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் அந்த ஓட்ஸ் கஞ்சி கலரு! மறைக்கிறவங்க கலரே அதுதான். அந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கோ, யாரு கண்டா? நான் ஒண்ணும் சொல்லல. மூக்கு சொல்லுது."

வீட்டு எண் சொல்லவில்லை. படம் போதாதா? அந்த வாரம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வந்த ஓரிருவரும் ஏரியைப் பார்க்கவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை. நேராகக் கீழே இறங்கி, அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மேலேறிப் போய்விட்டார்கள்.

மார்ச் நடுவில் மார்லிஸிடம் வீடு தேடிக்கொண்டிருந்த இளம் தம்பதி ட்ராவிஸும் பிரையன்னாவும் வந்தார்கள். "அந்தச் சவுனா வீடு எங்களுக்கு வேணும்" என்றான் ட்ராவிஸ். "நீங்க சொன்னப்புறம் யாரும் கிட்டப் போகல. அடிமாட்டு விலைக்குக் கேளுங்க. கிழவர் வேற அவசரத்துல இருக்காராமே?"

மார்லிஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர்களுடைய தரகர் அவள்; கேட்கச் சொன்ன விலையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுதி, தன் பெயரைப் போட்டு, க்ளெனுக்கு அனுப்பினாள். அரை நாழிகைகூட ஆகவில்லை, ஃபோன் வந்தது. க்ளென் கத்தவில்லை. சிரித்தான்.

"அடேங்கப்பா! இதுக்குத்தானா அந்த மோப்பம்? ஊரையே விரட்டிட்டு உன் ஆளை உள்ள விடுறே. கெட்டிக்காரிதான், ஒத்துக்கறேன்."

"வாயை அலம்பிட்டுப் பேசு க்ளென்! அவங்க தானா வந்து கேட்டாங்க."

"எல்லாரும் தானாத்தான் வருவாங்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா. என் மூக்கு சொல்லுது."

அலுவலகத்தில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. செவ்வாய்க்கிழமை காரில் இடமில்லை என்றார்கள். பின்சீட்டில் இடம் காலியாகத்தான் இருந்தது. மார்லிஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிறரைச் சந்தேகப்பட்டுப் பழகியவளுக்குத் தன்னைப் பிறர் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது. தெரிந்தபோது தாங்கவில்லை. அந்தச் சுவர் ஈரம் என்று நிரூபித்தால் எல்லார் வாயும் அடைபடும் என்று ஈரம் பார்க்கும் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

ஆர்வோவே கதவைத் திறந்தார். இல்லத்துக்குப் போகக் கோட்டு மாட்டியிருந்தார். "கீழ தான? வாங்க" என்றார். வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று அவருக்கு இப்போது தெரியும்.

கருவியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்தினாள். காய்ந்த சுவர் என்றது. கீழே குனிந்து தரையோரம் அழுத்தினாள். காய்ந்தது. கருவியைச் சந்தேகப்பட்டு பேட்டரியை மாற்றினாள். சவுனாவின் பலகையில் வைத்ததும் முள் துள்ளி ஏறியது. கருவி சரியாகத்தான் இருந்தது. திரும்பச் சுவருக்கு வந்தாள். எலும்பு போலக் காய்ந்து கிடந்தது சுவர்.

"அப்ப எதுக்குங்க இதுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டாள். குரலில் இன்னமும் போலீஸ் மிடுக்கு இருந்தது.

ஆர்வோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான சொன்னீங்க?"

"நானா?"

"நவம்பர்ல. அப்ப ஒரு தரம் வீட்டை விக்கப் போட்டோம்ல. அந்த வாரமே லெம்பி விழுந்துட்டா, எடுத்துட்டோம். மான் வேட்டை சமயம். க்ளென் காட்டுல இருந்தாரு. நீங்க எல்லாரும் வந்தப்ப காபி ஊத்தினது நான்தான். க்ளெனோட ஆளுன்னு நினைச்சீங்க போல. உங்களுக்கு நல்ல சளி. மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தீங்க."

மார்லிஸ் கருவியைக் கைப்பையில் போட்டாள். நவம்பரில் இரண்டு வாரம் மூக்கடைத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் பார்த்த ஒரு வீடும் அவள் தலையில் ஏறவில்லை.

"இந்தப் பக்கம்தான் சவுனா அடுப்போட வாய், திறக்கும்போது கரி பட்டுப்பட்டு இந்தச் சுவர் கறுத்துக் கெடந்துச்சு," என்றார் ஆர்வோ. "மத்தவங்க காருக்குப் போனப்புறம் வாசல்ல நின்னு சொன்னீங்க. 'பெரியவரே, அந்தக் கரிச் சுவருக்கு ஒரு கை பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க. பாக்குறவன் தீப்பிடிச்ச வீடுன்னு நினைப்பான். வெள்ளை வேண்டாம், ஓட்ஸ் கஞ்சி கலர் அடிங்க, எல்லாருக்கும் பிடிக்கும்'னீங்க. நல்ல யோசனைதான்னு, திரும்ப விக்கப் போடுறதுக்கு முன்னால நானே அடிச்சேன். தோள் வலிச்சுது, ரெண்டு நாள் ஆச்சு."

அந்த நிறத்தை அவள் வருடக்கணக்காக எல்லாருக்கும் சொல்லிவருகிறாள். மறுக்க வழியில்லை.

"என் வீடியோவைப் பாத்தீங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரம்மா காட்டினாங்க."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? க்ளென்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என் மூஞ்சில கரியைப் பூசியிருப்பாரே!"

ஆர்வோ கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க, வாசல்ல சொன்னது வாசலோட, வெளிய யாரும் பேச மாட்டோம், கவலைப்படாதீங்கன்னு. அதுதான் உங்க ஆளுங்க வழக்கம்னீங்க. நான் அதை உடைக்கலாமா?" பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "லெம்பிக்குச் சாப்பாட்டு நேரம். நான் போகலேன்னா அவ ஸ்பூனை எடுக்க மாட்டா."

மார்லிஸ் காரில் ஏறி உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது டுவேன்கூடப் பார்த்ததில்லை. குற்றவாளியைத் தேடித் தேடி, கடைசியில் தன் சட்டைக் காலரைத் தானே பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் ட்ராவிஸுக்குச் சொன்னாள். "சுவர் காஞ்சிருக்கு. அந்தப் பெயின்ட் நான் சொல்லி அடிச்சது. நியாயமான விலை கேளுங்க."

"நல்லதாப் போச்சு. அதை ஏன் வெளிய சொல்லணும்? எங்களுக்குத்தான நீங்க ஏஜென்ட்?"

"சந்தேகத்தை ஊருக்குச் சொன்னேன். உண்மையை உங்க காதுல மட்டும் சொல்லவா?"

அன்றே மேசையில் உட்கார்ந்து, உதட்டுச் சாயம் இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னாள். சளி பிடித்ததை, காபி ஊற்றிய மனிதரை, தான் சொன்ன நிறத்தை. "அந்த வீடு நல்ல வீடு. தப்பு என்னோடது" என்றாள். 'மூக்கு சொல்லுது' என்று இந்தத் தடவை முடிக்கவில்லை.

இதையும் ஊரே பார்த்தது. கீழே எழுதினார்கள். எவ்வளவு வாங்கினீங்க மேடம்? சங்கம் மிரட்டிடுச்சு போல. ஒருவன் எழுதியதற்கு எல்லாவற்றையும்விட அதிக விருப்பக்குறி விழுந்தது: ஒரு ஏஜென்ட் திடீர்னு வீட்டைப் புகழ்ந்தா நேரா பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்க. அவள் வளர்த்த பிள்ளைகள்தான். நன்றாகத் தேறியிருந்தார்கள்.

சுவரைச் சந்தேகப்பட்ட பழைய வீடியோவை அழித்தாள். ஏன் அழித்தாள் என்று கேட்டார்கள். ட்ராவிஸும் பிரையன்னாவும் விலகிக்கொண்டார்கள். "நீங்க இவ்ளோ நல்லதாச் சொல்றதுதான் எங்களுக்கு உறுத்துது" என்றாள் பிரையன்னா. மார்லிஸ் க்ளெனிடம் போய் நின்று தப்பை ஒத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஒவ்வொரு தரகரையும் கூப்பிட்டு அந்த வீட்டைக் காட்டச் சொன்னாள். "சரி சரி, பார்க்கலாம்" என்று ஃபோனை வைத்தார்கள். இதில் அவளுக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

மார்ச் முடிந்தது. முதியோர் இல்லத்தில் அந்த அறைக்கு வேறொரு தம்பதி வந்தார்கள்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்கியபின், வடக்கே சுரங்க ஊரிலிருந்து ஒரு மனிதர் வந்தார். வீடியோ பார்க்கிற ஆளில்லை. சவுனாவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். சுவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆர்வோ முதியோர் இல்லத்துக்கு எதிர்வரிசையில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஜன்னலில் நின்றால் லெம்பியின் ஜன்னல் தெரியும். இரவில் அவள் எழுந்து "ஆர்வோ" என்று கூப்பிட்டால் கேட்காது.

அவர் அங்கே குடிபோன அன்று மார்லிஸ் எலுமிச்சை பார் சுட்டு, சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஆர்வோ கதவைத் திறந்தார். வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த வாசனை அந்தச் சின்ன அறைக்குள் அவளுக்கு முன்னால் போனது. அவர் வாசலில் நின்றபடியே ஓர் இழுப்பு இழுத்தார்.

"நல்ல வாசனையா இருக்கே. என்னத்த மறைக்கிறீங்க?"

கிண்டலாகக் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஒண்ணும் மறைக்கலங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அதான் வீடியோவுல கேட்டுட்டீங்களே."

"அது ஊருக்கு. உங்க வாசல்ல வந்து கேக்கல."

ஆர்வோ டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு விலகி வழிவிட்டார். மார்லிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் டப்பாவைத் திறந்தார். லெம்பிக்கென்று இரண்டு துண்டுகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தார். தனக்கு ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும் முன், அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.